வெள்ளிக்கிழமை டிகிரி

பிப்ரவரி 8, திங்கள்

காலை எட்டு மணிக்கே இந்த வாரத்து வேலை முழுவதையும் முடித்துவிட்டேன். குளிர் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. ஏழு நாள், காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்றாகப் பதினான்கு கட்டம். ஐந்து, ஐந்தரை, ஐந்தேகால், ஐந்து — கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுத வேண்டும். ஒரே எண்ணாக இருந்தால் பொய் போலத் தெரியும். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே வரக்கூடாது, அவ்வளவுதான் இந்த அறையின் சங்கதி. பதினோரு வருடமாக அது போனதும் இல்லை, வந்ததும் இல்லை. தினம் இரண்டு தடவை உள்ளே போய்ப் பார்த்து எழுத வேண்டுமாம். பெண்டாட்டி முகத்தைத்தான் தினம் பார்க்கிறோம், அதற்காக அளந்து எழுதிக்கொண்டா இருக்கிறோம்?

இதெல்லாம் தரம் பார்க்கிற அம்மாளின் வேலை. நான் அவளுக்கு வைத்த பெயர் படிவத்தம்மா. ஒருவன் தும்மினால் எந்தப் படிவத்தில் தும்மினாய் என்று கேட்பாள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்து எட்டு இந்தக் காலத்து இரண்டு பட்டத்துக்குச் சமம். இந்த ஆய்வுக்கூடத்தில் எண்பது பேர் வெள்ளைக் கோட்டுப் போட்டுத் திரிகிறார்கள். ஒருவனுக்காவது பனி பிடித்த கதவைத் திறக்கத் தெரியுமா? "ஐஸ் மாமா, ஐஸ் மாமா" என்று ஓடி வருவார்கள். இடுப்பால் ஒரு இடி. திறந்துகொள்ளும். அதற்கு எந்தப் பட்டமும் கிடையாது.

பிப்ரவரி 11, வியாழன்

மச்சான் வீட்டு வாசலில், ஆறடி தள்ளி நின்று, முகக்கவசத்தோடு அரை மணி நேரம். மருந்துக் கடை வைத்திருப்பதால் அவருக்குத் தான் பாதி டாக்டர் என்று நினைப்பு. இருமல் மருந்தை எடுத்துக் கொடுப்பதற்குள் நாலு தடவை கண்ணாடியைத் துடைப்பார்.

"ஊசி எப்பதான் வரும் மாப்ளே? நோய் வந்து ஒரு வருஷம் ஓடிப்போச்சு."

விளக்கினேன். இந்த மூச்சுக் கிருமிக்கு உடம்பு பூரா முள். அந்த முள் ஒரு புரதம். முழுக் கிருமியே வேண்டாம், முள்ளை மட்டும் செய்தால் போதும். பயிரைத் தின்கிற புழு இருக்கிறதே, அதன் செல்லுக்கு முள் செய்யக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த முள்ளைச் சுத்தம் செய்து ஊசியில் போடுகிறோம். உடம்பு அதைப் பார்த்து வைத்துக்கொள்ளும். நாளைக்கு நிஜக் கிருமி வந்தால், 'வாடா, உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்' என்று மண்டையில் போடும்.

"இதெல்லாம் பண்றது யாரு?"

"நானும் என் அக்கா மகளும்."

"அவ படிச்சவ. நீங்க என்ன பண்றீங்க?"

"புழுவை வளர்க்கிறதே நான்தான். நாப்பதாயிரம் புழு. என் குரலைக் கேட்டாத்தான் சாப்பிடும்."

என் பெண்டாட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, "வீட்ல கரப்பான்பூச்சி வந்தா நாற்காலி மேல ஏறுறவர்" என்றாள். மச்சான் சிரித்த சிரிப்பில் முகக்கவசம் கழன்றுவிட்டது. சபையில் புருஷனைக் காலை வாருவதில் இவளுக்கு இணை கிடையாது.

(கட்டடத்தில் ஒரு புழுவும் இல்லை. செல் மட்டும்தான், கண்ணாடிக் குடுவையில் ஆடிக்கொண்டிருக்கிறது. மச்சானுக்கு அது போதுமா?)

பிப்ரவரி 17, புதன்

இரண்டு வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அக்கா மகள் கடைசியில் என்ன கலக்குகிறாள் தெரியுமா? படிகாரம்! சவரம் செய்துவிட்டுக் கன்னத்தில் தேய்க்கிற படிகாரம்!

"இதுக்கா கண்ணு அவ்வளவு தூரம் போனே? சலூன்ல கேட்டிருந்தா சும்மாவே கொடுத்திருப்பானே."

"மாமா, இது அலுமினிய உப்பு. படிகாரத்துக்குச் சித்தப்பா மகன்னு வெச்சுக்குங்க. முள்ளை மட்டும் போட்டா உடம்பு கண்டுக்காது. இது கூட இருந்தாத்தான் திரும்பிப் பார்க்கும்."

"கூட்டத்துல விசில் அடிக்கிறவன் மாதிரி."

"அதேதான்!" என்று சிரித்தாள். பார்த்தாயா, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். பெரிய தலை இதைச் சொல்ல நாற்பது படம் போட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். கூடத்தின் தலைவர் என்பதால் பெரிய தலை என்கிறோம். தலை சின்னதுதான்.

பிப்ரவரி 18, வியாழன்

விசில் உவமையைப் பெரிய தலை இன்று விருந்தாளிகளிடம் தன்னுடையதாகச் சொன்னார். திருட்டுப் பயல்.

பிப்ரவரி 25, வியாழன்

முந்நூற்றிருபது குப்பி என் அறைக்கு வந்துவிட்டது. கட்டைவிரல் அளவு, உள்ளே சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெண்மையாக. மார்ச் பதினொன்றாம் தேதி முதல், சோதனைக்குத் தாமாக முன்வந்த தொண்டர்களுக்குப் போடுவார்கள். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கிருமிக்கு எதிர்ப்பு வந்திருந்தால் அக்கா மகளுடைய ஊசி மேலே போகும். வராவிட்டால் மூடிவிட்டு மாடிக்காரர்களின் ஊசிக்கே மொத்த ஆளையும் கருவியையும் கொடுத்துவிடுவேன் என்று பெரிய தலை சொல்லிவிட்டார். மாடிக்காரர்கள் செய்வது வேறு ரகம், மைனஸ் எழுபதில் வைத்தால்தான் உயிரோடிருக்கும். அதில் அவர்களுக்கு ஒரு கர்வம். "எங்களுக்கு எழுபது வேணும், உங்களுக்கு வெறும் அஞ்சுதானே?" என்று மாடிக்காரன் ஒருவன் என்னிடமே கேட்கிறான்! என்னவோ நான் ஐஸ்பெட்டி வைத்துத் தெருவில் விற்கிறவன் மாதிரி.

அக்கா மகள் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே வைத்தாள். போகும்போது, "உங்களை நம்பித்தான் மாமா வெச்சுட்டுப் போறேன்" என்றாள். என்னை நம்பாமல் யாரை நம்புவாள்?

குப்பியில் ஒரு முழம் எழுத்து ஒட்டியிருக்கிறது. எறும்பு படிக்கிற அளவு. யார் படிப்பது?

பிப்ரவரி 27, சனி

இன்று நான் இல்லாவிட்டால் உலகம் அவ்வளவுதான்.

பகல் ஒரு மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் நாலு தடவை இருமிவிட்டுப் படுத்துவிட்டது. சுவரில் டிகிரியைக் கோடாகப் போடுகிற கருவியும் கூடவே செத்தது. உள்ளே தொங்குகிற பாதரசக் குழாயைப் பார்க்கிறேன் — ஆறு. ஏழு. ஒன்பது! கட்டடத்தில் நானும் வாட்ச்மேனும்தான். அக்கா மகள் செல் வளர்க்கிற அறைக்குள் கவச உடையோடு இருக்கிறாள். போன் வெளியே பெட்டியில். மூன்று தடவை அடித்தேன். படிவத்தம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட்டால் முதலில் ஒரு படிவம் எடுக்கச் சொல்வாள்.

கொக்குக்கு ஒன்றே மதி. தாழ்வாரக் கோடியில் மைனஸ் இருபதுப் பெட்டி இருக்கிறது, அதற்குத் தனி பேட்டரி. பன்னிரண்டு தட்டு, ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். ஒரே ஓட்டமாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே அடுக்கினேன். எழுபது என்று பீற்றிக்கொள்கிறார்களே, எங்களாலும் இருபது முடியும்! நாலரை மணி நேரம் கதவில் முதுகை வைத்து நின்றேன். ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது, அறை ஐந்துக்கு இறங்கியது, திரும்ப அடுக்கினேன். கல்லாக இறுகியிருந்தது. என்ன சுத்தம்! என்ன அழகு!

மார்ச் 1, திங்கள்

கேன்டீனில் சொன்னேன். ஆயிரம் குப்பி. மைனஸ் எழுபது. கை இரண்டும் கறுத்துவிட்டது. பெட்டிக்குள்ளேயே பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றேன், மீசையில் பனி தொங்கியது.

"உங்களுக்கு மீசையே இல்லையே மாமா" என்றான் மாடிக்காரன்.

"அன்னைக்கு இருந்துச்சு. உடைஞ்சு விழுந்துடுச்சு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மகளும் சிரித்தாள். நன்றி கெட்ட ஜென்மங்கள்.

சுவர்க் கருவி செத்துக் கிடந்ததால் படிவத்தம்மா சனிக்கிழமைக்கு என் அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். மாலை ஐந்தேகால் என்று இருக்கிறது. "நல்லவேளை, நீங்களாவது பார்த்து எழுதியிருக்கீங்க" என்று முதல் தடவையாக என்னைப் பாராட்டினாள். அந்தக் கட்டத்தை நான் போன திங்களன்றே எழுதிவிட்டேன். வருமுன் காப்போன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வெள்ளி

குப்பிகளில் அடியில் தயிர்த்திப்பி மாதிரி ஏதோ இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கிறது. ஆட்டினால் கலக்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கிவிடுகிறது. சரியாகக் கலக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மார்ச் 8, திங்கள்

ஊசி போடப்போகிற நர்சுகளுக்கு அக்கா மகள் இன்று பாடம் எடுத்தாள். நான் பெட்டி தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் நின்றேன்.

ஒரு நர்சு கேட்டாள், "மேடம், வழியில கொஞ்சம் சூடாயிட்டா?"

"ஒரு நாள் மேஜை மேல கிடந்தாலும் தாங்கும். அதுதான் இதோட பெருமையே. ஆனா ஒரே ஒண்ணு மட்டும் பண்ணிடாதீங்க. உறைய வெச்சுடாதீங்க. ஒரு தடவை உறைஞ்சா போச்சு. உப்பும் முள்ளும் பிரிஞ்சு கட்டிகட்டியா இறங்கிடும். அப்புறம் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். வெறும் சுண்ணாம்புத் தண்ணி."

பெட்டி கையில் இருந்தது. எப்படிக் கீழே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

அட்டையில் இந்த வாரப் பதினான்கு கட்டமும் காலையிலேயே எழுதிவிட்டேன். பழக்கம்.

மார்ச் 9, செவ்வாய்

அவள் சொல்வது எல்லாக் குப்பிக்கும் பொருந்தும் என்று யார் சொன்னது? நாலரை மணி நேரம்தானே. பெட்டியும் பழசு, நிஜமாகவே இருபது இருந்ததா என்ன? கல்லாக இருந்தது என்றால்... தொட்டுப் பார்த்தேனே, கல்லாகத்தானே இருந்தது.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அட்டை சுத்தமாக இருக்கிறது. தொண்டர்களுக்குப் போடுவார்கள், ரத்தத்தில் ஒன்றும் இருக்காது, அக்கா மகளுடைய ஊசி உதவாது என்று மூடிவிடுவார்கள். அவளும் தன் கணக்குத்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வாள். ஆயுசுக்கும். நான் விசேஷ வீடுகளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

இவள் கேட்டாள், "என்ன, இன்னிக்கு வாயே திறக்கல? உடம்பு சரியில்லையா?"

நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறதாம்.

மார்ச் 10, புதன்

இதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

காலையில் அக்கா மகளின் மேஜைக்குப் போனேன். "கண்ணு, அந்தக் குப்பியெல்லாம் உறைஞ்சுபோச்சு. நான்தான் உறைய வெச்சேன்."

அவள் தலை நிமிரவில்லை. "டீ குடிச்சுட்டு வாங்க மாமா. கதையைச் சாயங்காலம் கேக்கறேன்."

"கதை இல்லை."

"போன வாரம் ஆயிரம் பாட்டில்னீங்க. கை கறுத்துப்போச்சுன்னீங்க. எங்க, கையைக் காட்டுங்க?"

காட்டினேன். எப்போதும் போலத்தான் இருந்தது, சனியன்.

படிவத்தம்மாவிடம் போனேன். அவள் அட்டையை எடுத்து மேஜையில் போட்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சேகால். இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான். ஆனா அது பொய்."

"அப்ப இப்பச் சொல்றது?"

"இதுதான் நிஜம்."

அதற்குள் பெரிய தலை வந்துவிட்டார். "நாளைக்கு ஊசி போடணும், இவர் இன்னைக்கு நாடகம் போடறாரு. யாராவது வீட்டுக்கு அனுப்பி வைங்கப்பா." மாடிக்காரன் பின்னால் நின்று மீசையைத் தடவுகிற மாதிரி காட்டினான். என்ன சொன்னாலும் சிரிக்கிறார்கள். பதினோரு வருடம் நானே பழக்கிய சிரிப்பு. புலி வருது கதை மாதிரி ஆகிவிட்டது. இதில் புலியும் நான், ஆடும் நான்.

நம்ப மாட்டேங்கறாங்களே, என்ன பண்ணித் தொலைக்கறது? ஓடிப்போய்க் குளிர் அறைக் கதவிலிருந்து இந்த வாரத்து அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தேன்.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"வெள்ளிக்கிழமைக் கட்டத்தைப் பாருங்க."

பார்த்தாள். வெள்ளி காலை ஐந்து. வெள்ளி மாலை ஐந்தரை. சனி, ஞாயிறு, எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து. அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள், என்னவோ அங்கே வேறு பதில் இருக்கும் என்பது போல. பிறகு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா?"

"பதினோரு வருஷமா."

யாரும் சிரிக்கவில்லை.

அக்கா மகள் தன் சொந்தக் குளிர்பெட்டியில் அதே கலவையில் பத்துக் குப்பி தனியாக வைத்திருந்தாள். அவை என் அறைக்கு வந்ததே இல்லை. அதில் ஒன்று, என் தட்டில் ஒன்று. இரண்டையும் ஒரே கையில் பிடித்து ஆட்டினாள். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இருபது நிமிடம் எல்லோரும் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவளுடையது வெண்மையாகவே நின்றது. என்னுடையது பத்தாவது நிமிடமே மேலிருந்து தெளிய ஆரம்பித்தது. மனதுக்குள் நின்றுவிடு, நின்றுவிடு என்று கெஞ்சினேன். அது பாட்டுக்கு இறங்கியது. கடைசியில் அந்தப் பக்கம் நின்ற பெரிய தலையின் கழுத்துப்பட்டை அதன் வழியே தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மேஜை மேல சும்மா விட்டிருந்தாக்கூட ஒண்ணும் ஆகியிருக்காது மாமா."

சனிக்கிழமைக் குறிப்பில் பன்னிரண்டு தட்டு என்று எழுதியிருக்கிறேன். நான்கு. கன்றுக்குட்டி கனமும் இல்லை. ஒரு கையில் தூக்கலாம். கதவில் முதுகு வைத்து நிற்கவும் இல்லை. வாட்ச்மேனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, வியாழன்

இன்று யாருக்கும் ஊசி போடவில்லை.

மார்ச் 22, திங்கள்

வேலையை விட்டு அனுப்பவில்லை. கண்ணாடி கழுவுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். அனுப்பிவிடத்தான் பெரிய தலை சொன்னாராம். படிவத்தம்மாதான், தானாக வந்து சொன்னவரை அனுப்பினால் இனி எவரும் வந்து சொல்ல மாட்டார்கள் என்று தடுத்தாளாம். அவள் தயவில் சோறு தின்ன வேண்டிய நிலைமை! இதற்குப் பேசாமல்... வேண்டாம், எழுதவில்லை.

புதிதாகச் செல் வளர்த்து, முள் எடுத்து, சுத்தம் செய்து, கலக்க ஏழு வாரம். குடுவைகள் என்னிடம்தான் கழுவ வருகின்றன. இவர்கள் குடுவையை வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் கழுதைகூட வாய் வைக்காது. மூன்று தடவை கழுவச் சொல்கிறார்கள். நாலு தடவை கழுவுகிறேன். (மூன்றுதான். ஒரு தடவை நாலு.)

அக்கா மகள் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் தலையாட்டுகிறாள். பேசுவதில்லை. அக்கா போனில், "நீ என் தம்பியா, இல்ல எமனுக்குத் தம்பியாடா?" என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 19, திங்கள்

எதிர்வீட்டுத் தையல்காரர் போய்விட்டார். அந்த மூச்சுக் கிருமிதான். என் சட்டைக் காலர் ஒன்று அவரிடம் இருக்கிறது.

"சோதனை ஊசிதானே, அவருக்கு எப்படியும் வந்திருக்காது" என்கிறாள் இவள். சரிதான். ஆனாலும் ஏழு வாரம் என்பது ஏழு வாரம்தான்.

மே 3, திங்கள்

புதுக் குப்பி வந்தது. போகிற வழியில் தட்டைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நல்ல வெண்மை. தொடவில்லை.

ஜூலை 18, ஞாயிறு

மச்சான் வீட்டுத் தொலைக்காட்சியில் பெரிய தலை. புதுக் கழுத்துப்பட்டை. மாடிக்காரர்களின் ஊசி முந்திக்கொண்டு போய்விட்டது. இருந்தாலும் புரத ஊசியில் எல்லாத் தொண்டர்களுக்கும் எதிர்ப்பு நன்றாக வந்திருக்கிறது, அடுத்த கட்டத்துக்குப் போகிறது, சாதாரணக் குளிர்பெட்டியே போதும் என்பதால் மூலை முடுக்குக்கெல்லாம் போகும் என்றார். கூட்டத்தில் விசில் அடிக்கிறவன் உவமையையும் சொன்னார். அந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாது. அக்கா மகளை ஒரே ஒரு நொடி காட்டினார்கள். இளைத்திருக்கிறாள்.

"ஏழு வாரம் ஏன் தாமதம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கள் தரக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையானது" என்றார் பெரிய தலை.

மச்சான் என் பக்கம் திரும்பி, "நிஜமாவா மாப்ளே? எதுக்கு ஏழு வாரம்?"

"என்னாலதான்" என்றேன்.

மச்சான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "நல்லது நடந்தாலும் நீங்கதான், தாமதம் ஆனாலும் நீங்கதான்! உங்களை விட்டா உலகத்துல வேற ஆளே கிடையாதுய்யா!"

இவள் சிரிக்கவில்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிறவனுக்குத் திங்களன்று காய்ச்சல். இந்த வாரம் மட்டும் என்னைப் போயிருக்கச் சொன்னாள் படிவத்தம்மா. சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒரு படிவத்திலும் கையெழுத்து வாங்கினாள், பின்னே?

வார அட்டை இப்போது கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு சீட்டு. அன்று காலையில் அவளிடம் போய் வாங்க வேண்டும், மாலையில் திருப்பித் தர வேண்டும். நாளைச் சீட்டு நாளைக்குத்தான். கட்டடம் முழுக்க, மாடிக்காரர்கள் உட்பட, இதே விதி. சின்னப் பயல்கள் அதற்கு 'மாமா சீட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் பெயரில் ஒரு விதி! பெரிய தலையின் பெயரில் ஒரு குழாய்கூடக் கிடையாது.

மாலையில் கதவைத் திறந்தேன். பனி பிடித்திருந்தது, இடுப்பால் ஒரு இடி. உள்ளே போய்க் குழாயின் முன் நின்று, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஐந்தே முக்கால். மறுபடி பார்த்தேன். ஐந்தே முக்கால்தான். எழுதினேன்.

திரும்பினால் வாசலில் அக்கா மகள். கையில் ஒரு தட்டு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"எவ்வளவு மாமா?"

சீட்டைக் காட்டினேன். அவள் சீட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், குழாயைப் பார்த்தாள். பிறகு தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.